பிறப்பும் இறப்பும் விலக்கிய தீவு

ஓர் ஊரைத் தம் ஊர் என்று உரிமை கொண்டாடும் மக்கள் பொதுவாக இரண்டு சான்றுகளைக் காட்டுவர். தாம் பிறந்த மண் அது என்பது ஒன்று. தம் முன்னோரைப் புதைத்த மண் அது என்பது மற்றொன்று. இவ்விரு சான்றுகளும் ஆணையின் வழியே பறிக்கப்பட்ட தீவு ஒன்று கிரேக்க நாட்டில் உண்டு. ஈஜியன் கடலில், சைக்ளடீஸ் என வழங்கும் தீவுக் கூட்டத்தின் நடுவே கிடக்கும் டெலோஸ் அது. நீளத்தில் ஏறத்தாழ 5 கிலோமீட்டர். அகலத்தில் ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் குறைவு. இச்சிறு நிலத்தில் எவரும் பிறத்தலும் கூடாது, எவரும் இறத்தலும் கூடாது என்று கி.மு. 426-425ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் ஏதென்ஸ் நகர அரசு ஆணையிட்டது. அவ்வாணையின் பின்புலமும் விளைவும் யாவை என்பதை, ஒரு பகற்பொழுதில் நடந்து கண்டுவிடக்கூடிய அத்தீவின் இடிபாடுகளைக் கொண்டே ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கடல்வழி

டெலோசில் தங்கும் விடுதி இல்லை. காவலர்களும் அகழ்வாய்வாளர்களும் தவிர எவரும் அங்கு இரவு தங்க இசைவில்லை. ஆகவே அதனைக் காண விரும்புவோர் அண்டைத் தீவாகிய மிக்கனோசிலிருந்து காலையில் படகேறிச் சென்று, மாலைக்குள் மீண்டாக வேண்டும். படகுப் பயணம் ஏறத்தாழ அரைமணி நேரமே. கோடையில் வடக்கிலிருந்து ஓயாது வீசும் காற்றுக்கு அங்குள்ளோர் மெல்தேமி என்று பெயர் வைத்துள்ளனர். அக்காற்று வலுக்கும் நாள்களில் படகு புறப்படுவதே இல்லை.

கரை நெருங்க நெருங்கப் புலப்படுவது வறண்ட பாறை நிலம். மரம் அரிது, நிழல் இல்லை. நடுவே கிந்தோஸ் என்னும் குன்று எழுந்து நிற்கிறது. அதன் உயரமும் 113 மீட்டருக்கு மேற்படாது. கிரேக்க உலகம் முழுவதும் கைகூப்பிய திருத்தலம் இதுதானா என்ற ஐயம் முதன்முறை காண்பவர்க்கு எழாமல் இராது. ஆனால் அந்த வறுமைதான் இத்தலத்தின் தொன்மத்திற்கே அடிப்படை என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

தொன்மமும் பாடலும்

சீயஸ் என்னும் தலைமைக் கடவுளால் கருவுற்ற லீட்டோ, பேறுகாலம் நெருங்கிய நிலையில் நாடுநாடாக அலைந்தாள். சீயசின் மனைவியாகிய ஹீராவின் சினத்திற்கு அஞ்சி எந்த நிலமும் அவளுக்கு இடந்தரவில்லை. இழப்பதற்கு ஒன்றுமில்லாத இப்பாறைத் தீவு மட்டுமே இசைந்தது. அப்பல்லோ இங்கே, ஒரு பனையைப் பற்றிக்கொண்ட தாய்க்குப் பிறந்தான் என்பது கிரேக்கர் நம்பிக்கை.

ஹோமரின் பெயரால் வழங்கும் அப்பல்லோ துதிப்பாடல் இந்நிகழ்ச்சியை விரித்துரைக்கிறது. அப்பாடலில் தீவே வாய்திறந்து பேசுகிறது. பிறக்கப்போகும் கடவுள், இவ்வளவு வறிய மண்ணா தன் பிறப்பிடம் என்று இகழ்ந்து, தன்னைக் காலால் உந்திக் கடலுள் அமிழ்த்திவிடுவானோ என்று அது அஞ்சுகிறது. அவனது முதற்கோயில் இங்கேதான் எழும் என்று லீட்டோ ஆணையிட்டு உறுதி கூறிய பின்னரே அத்தீவு அவளை ஏற்கிறது. ஏழை நிலத்தின் அச்சத்தை இவ்வளவு நுட்பமாக உணர்ந்த புலவன் யாவன் என்பது தெரியவில்லை. ஆனால் அவன் தன்னைப் பற்றி ஒரு குறிப்பை விட்டுச் சென்றுள்ளான். தான் கியோஸ் தீவில் வாழும் பார்வையற்றவன் என்கிறான். டெலோசின் ஆடல் மகளிரை விளித்து, இனி வரும் வழிப்போக்கர் எவரேனும் பாடுவோருள் இனியவன் யார் எனக் கேட்டால் தன்னை நினைவுகூர்ந்து விடை சொல்லுமாறு வேண்டுகிறான். இந்தப் பகுதியை ஹோமரின் வாக்காகவே கொண்டு, கி.மு. 5ஆம் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் தம் நூலில் சான்று காட்டுகிறார். கல்லெழுத்தும் நாணயமும் போலப் பாட்டும் வரலாற்றுக்குச் சான்றாகும் என்னும் முறைமைக்கு இது ஒரு பழைய முன்மாதிரி எனலாம்.

அப்பாடல் டெலோஸ் விழாவில் கூடியோரை இயோனியர் என்று குறிப்பிடுகிறது. மனைவி மக்களோடு வந்து, மற்போரிலும் ஆடலிலும் பாடலிலும் போட்டியிட்டு மகிழ்ந்த மக்கள் அவர்கள். கிரேக்கருள் ஒரு பிரிவினரான இவர்களின் பெயரே பாரசீகத்தில் யௌனா என்றும், வடமொழியில் யவன என்றும், தமிழில் யவனர் என்றும் வழங்கலாயிற்று. முசிறிக்குப் பொன்னொடு வந்து மிளகொடு மீண்ட யவனர் கலத்தை அகநானூற்றின் 149ஆம் பாடல் குறிக்கிறது. எனினும் அவ்வணிகம் செழித்த காலத்தில் டெலோஸ் ஏற்கெனவே வீழ்ந்துவிட்டது. முசிறிக்கு வந்த கலங்கள் செங்கடல் துறைகளிலிருந்து புறப்பட்டவை. ஆகவே டெலோசுக்கும் தமிழகத்திற்கும் நேரடி வணிகம் இருந்ததாகக் கூறச் சான்றில்லை. சங்கப் புலவர் நாவில் பயின்ற ஒரு சொல்லுக்கு உரிய மக்கள் ஆண்டுதோறும் கூடிய இடம் இது என்ற அளவில் அத்தொடர்பை நிறுத்திக்கொள்வதே முறை.

திருவீதியும் கருவூலமும்

படகுத்துறையிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் கல் பாவிய பாதை திருவீதி எனப்படும். விழாக் கூட்டம் ஆடிப்பாடிச் சென்ற வழி அது. வழியின் முடிவில் அப்பல்லோவின் கோயில் வளாகம். அங்கே நாக்சோஸ் தீவினர் நாட்டிய மாபெரும் அப்பல்லோ சிலையின் பீடம் கிடக்கிறது. சிலையின் மார்பும் இடுப்பும் இரு துண்டுகளாகச் சற்றுத் தொலைவில் வெயிலில் கிடக்கின்றன. ஏதென்சின் செல்வர் நிக்கியாஸ் காணிக்கையாக நிறுத்திய வெண்கலப் பனை காற்றில் சாய்ந்து அச்சிலையை வீழ்த்திற்று என்று புளூட்டார்க் எழுதுகிறார். அந்த நிக்கியாசே, அண்டைத் தீவாகிய ரெனியாவிலிருந்து டெலோசுக்கு ஒரே இரவில் படகுப்பாலம் அமைத்து, பொன்னும் மாலையும் விரிப்பும் கொண்டு அதனை ஒப்பனை செய்து, விடியலில் பாடகர் குழுவை அதன்மேல் நடத்திச் சென்றார். பக்தி பெரிதா, காட்சி பெரிதா என்று பிரித்தறிய முடியாத காலம் அது.

வளாகத்தினுள் அப்பல்லோவுக்கு மூன்று கோயில்கள் அடுத்தடுத்து உள்ளன. அவற்றுள் பெரியதன் வரலாறு சிறப்பாகக் கருதத்தக்கது. பாரசீகப் படையெடுப்பு முறியடிக்கப்பட்ட பின், கி.மு. 478-477இல் ஏதென்சின் தலைமையில் கிரேக்க நகரங்கள் பல ஒன்றுகூடி ஒரு கூட்டணி அமைத்தன. அதன் கருவூலம் டெலோசில் வைக்கப்பட்டது. அவை கூடியதும் இக்கோயிலிலேயே. முதல் திறைத்தொகை 460 டாலந்து என்கிறார் துசிடிடீஸ். கூட்டணி பிறந்த அந்நாள்களில்தான் பெருங்கோயிலின் பணியும் தொடங்கிற்று. கி.மு. 454இல் கருவூலம் ஏதென்சுக்கு மாற்றப்பட்டது. பணம் போன வழியே பணியும் போயிற்று. பெருங்கோயில் பாதியில் நின்றது. ஏதென்சில் கி.மு. 447இல் பார்த்தினான் எழத் தொடங்கியபோது, நட்பு நகரங்களின் போர்ப் பணத்தைக் கொண்டு தம் நகரை அணிசெய்வதாகப் பெரிக்ளீஸ்மீது அவருடைய எதிரிகளே குற்றம் சாட்டினர். டெலோசின் கோயிற்பணி கி.மு. 314க்குப் பின் மீண்டும் தொடங்கப்பெற்றும் முற்றுப்பெறவே இல்லை. ஒரு கூட்டணி பேரரசாக மாறிய கதையை, முடிவுறாத அக்கோயிலின் அடித்தளத்திலிருந்தே படித்தறியலாம்.

பொருளைக் கொண்டு சென்ற ஏதென்ஸ், வழிபாட்டை விடவில்லை. ஆண்டுதோறும் திருக்கப்பல் ஒன்று டெலோசுக்கு அனுப்பப்பட்டது. அதன் பின்னணியத்தில் அப்பல்லோவின் பூசகர் மாலை சூட்டிய நாள்முதல், அது சென்று மீளும் வரை ஏதென்சில் மரண தண்டனை எதுவும் நிறைவேற்றலாகாது என்பது மரபு. கி.மு. 399இல் சாக்ரட்டீசின் வழக்கு நடந்ததற்கு முதல்நாள் அக்கப்பலுக்கு மாலை சூட்டப்பட்டிருந்தது. ஆகவே தீர்ப்புக்குப் பின்னும் அவர் ஏறத்தாழ ஒரு திங்கள் சிறையில் உயிர்வாழ நேர்ந்தது. அந்நாள்களில் நண்பர்களோடு அவர் நிகழ்த்திய உரையாடல்களாகவே பிளேட்டோ கிரீட்டோ, பீடோ என்னும் நூல்களை அமைத்தார். டெலோசிலிருந்து வரவேண்டிய கப்பல் மீளக் காலம் எடுத்தது மெய்யியலுக்குக் கிடைத்த பேறு.

ஏரியும் அரிமாக்களும்

கோயில் வளாகத்திற்கு வடக்கே வட்டமான ஒரு பள்ளம். அதுவே பழைய திருவேரி. மலேரியாக் காய்ச்சல் அகழ்வுப் பணியாளரை வாட்டியதால் 1920களில் அதன் நீர் வடிக்கப்பட்டது. இன்று நடுவே ஒரு பனை மட்டும் நிற்கிறது. லீட்டோ பற்றிய மரத்தின் நினைவாக நட்டது அது. ஒடிசியின் ஆறாம் பகுதியில், கரையொதுங்கிய ஒடிசியஸ் இளவரசி நாசிக்காவைக் கண்டு, டெலோசில் அப்பல்லோவின் பலிபீடத்தருகே தான் முன்பு கண்ட இளம்பனையை அவளுக்கு உவமை கூறுகிறான். கிரேக்க இலக்கியத்தின் மிகப் பழைய நூல்களுள் ஒன்றிலேயே இத்தீவின் பனை உவமையாக இடம்பெற்றுவிட்டது.

ஏரிக்கு மேற்கே, கிழக்கு நோக்கி வாய்திறந்து அமர்ந்திருக்கும் சலவைக்கல் அரிமாக்கள் நாக்சோஸ் தீவினர் கி.மு. 7ஆம் நூற்றாண்டின் இறுதியளவில் நிறுவியவை. இன்று வரிசையில் காணப்படுவன படிகளே. உப்புக்காற்று அரித்த மூலச் சிற்பங்கள் 1999இல் தீவின் அருங்காட்சியகத்திற்குள் கொண்டு செல்லப்பட்டன. ஒன்று மட்டும் நெடுங்காலத்திற்கு முன்பே வெனிசு நகரத்துக்குக் கொண்டு போகப்பட்டு, அங்குள்ள கப்பற்கூடத்தின் வாயிலில் வேறொரு தலையுடன் அமர்ந்திருக்கிறது.

தூய்மை என்னும் ஆணை

கிந்தோஸ் குன்றின் படிகளில் ஏறி உச்சியை அடைவோர்க்கு, தீவு முழுவதும் ஒரே பார்வையில் அடங்கிவிடும். மேற்கே குறுகிய கால்வாய்க்கு அப்பால் ரெனியாத் தீவு. சாமோஸ் தீவின் கொடுங்கோலன் பொலிக்கிராட்டஸ் அதனை வென்று, சங்கிலியால் டெலோசோடு பிணைத்து அப்பல்லோவுக்கு அளித்தான் என்பர். அவ்வளவு அண்மை. டெலோசின் பிறப்பும் இறப்பும் இடம்பெயர்ந்தது அங்கேதான்.

முதலில் கி.மு. 6ஆம் நூற்றாண்டில் ஏதென்சின் பிசிஸ்டிராட்டஸ், கோயிலிலிருந்து கண்ணுக்கெட்டிய தொலைவில் இருந்த கல்லறைகளை அகற்றினார். கி.மு. 426-425இல் வந்த ஆணை அதனினும் கடுமையானது. தீவிலிருந்த கல்லறைகள் அனைத்தும் தோண்டப்பட்டன. எலும்புகளும் உடன் புதைத்த பொருள்களும் ரெனியாவுக்குக் கொண்டு செல்லப்பட்டன. இனிச் சாகும் நிலையில் உள்ளோரும் பேறுகாலம் நெருங்கிய மகளிரும் ரெனியாவுக்குக் கடந்துவிட வேண்டும் என்று விதிக்கப்பட்டது. ஏதென்சை அந்நாள்களில் வாட்டிய கொள்ளைநோயைக் கடவுளின் சினமாகக் கருதிச் செய்த கழுவாய் இது என்பது டயடோரசின் விளக்கம். இவ்வாணை வெறுங்கதையன்று. எலும்புகளும் மட்கலங்களும் நிறைந்த குழி ஒன்று 1898இல் ரெனியாவில் கண்டறியப்பட்டது. அப்பொருள்கள் மிக்கனோஸ் அருங்காட்சியகத்தில் உள்ளன.

கல்லறைகளைத் திறந்தபோது வேறொன்றும் வெளிப்பட்டது. புதைக்கப்பட்டோருள் பாதிக்கு மேற்பட்டோர், ஆசியா மைனரில் வாழ்ந்த காரியர் இனத்தவர் என்று உடன் வைத்த படைக்கலங்களைக் கொண்டும் அடக்கமுறையைக் கொண்டும் அறிந்ததாகத் துசிடிடீஸ் பதிவு செய்கிறார். புதைபொருளைக் கொண்டு பழங்குடிகளை அடையாளங்காணும் முயற்சி இருபத்து நான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே நிகழ்ந்துள்ளது. ஆனால் அம்முயற்சிக்கு வாய்ப்பளித்தது, இறந்தோரை அவர்தம் மண்ணிலிருந்து பெயர்த்தெடுத்த செயல் என்பதையும் மறத்தலாகாது.

இங்கு ஒரு முரண் கூர்ந்து நோக்கத்தக்கது. டெலோஸ் திருத்தலமானதற்குக் காரணமே ஒரு பேறு. எந்நிலமும் ஏற்காத ஒரு தாயை ஏற்றது என்பதே இத்தீவின் பெருமை. அதே மண்ணில் இனி எந்தத் தாயும் மகப்பெறலாகாது என்றது ஆணை. இடுப்புவலி கண்ட பெண் படகேறிக் கால்வாயைக் கடக்க வேண்டும். மூச்சுத் திணறும் முதியவர் தம் வீட்டையும் முற்றத்தையும் விட்டுக் கடக்க வேண்டும். அவர்தம் பெயர்களையோ, காற்று மிகுந்த இரவுகளில் அப்படகுகள் எவ்வாறு கடந்தன என்பதையோ எந்த ஆசிரியரும் குறிக்கவில்லை. வழிபாட்டின் பெயரால் விதித்த இவ்விதி, உண்மையில் குடிகளின் தோள்மீது ஏற்றிய சுமையே.

அச்சுமையோடு நில்லாமல் உரிமையும் பறிபோயிற்று. புளூட்டார்க் தொகுத்த ஸ்பார்ட்டர் மொழிகளுள் ஒரு நிகழ்ச்சி இடம்பெறுகிறது. டெலோஸ் மக்கள் தம் தீவின்மீது தமக்குள்ள உரிமையை ஏதென்சுக்கு எதிராக வாதிட்டனர். தம் மரபுப்படி அங்கே மகளிர் மகப்பெறுவதில்லை, இறந்தோரைப் புதைப்பதும் இல்லை என்றும் எடுத்துரைத்தனர். அதனைக் கேட்ட ஸ்பார்ட்டாவின் பௌசானியஸ், உங்களுள் ஒருவரும் பிறந்திராத, இனிப் பிறக்கவும் போகாத நிலம் உங்கள் தாயகம் ஆவது எங்ஙனம் என்ற பொருள்பட வினவினாராம். தூய்மைக்குச் சான்றாக மக்கள் காட்டியதே அவர்தம் உரிமைக்கு எதிர்ச்சான்றாயிற்று.

இதன் முடிவு விரைவில் வந்தது. பழங்காலக் குற்றம் ஒன்றால் அம்மக்களே தூய்மையற்றவர் என்று கூறி, கி.மு. 422இல் ஏதென்ஸ் அவர்களைத் தீவினின்றும் வெளியேற்றியது. எலும்புகள் போதா, உயிரோடு இருப்போரும் மாசு எனப்பட்டனர். அவர்கள் ஆசியா மைனரின் அட்ரமிட்டியம் நகரில் புகலடைந்தனர். அங்கும் அமைதியில்லை. பாரசீக அலுவலன் ஒருவன் அவர்தம் தலைமக்களைப் போருக்குத் துணை வருமாறு நட்புப் பேசி அழைத்துச் சென்று, உணவு வேளையில் சூழ்ந்துகொண்டு எய்து கொன்றான். கி.மு. 421இல் டெல்பியின் அருள்வாக்கை மதித்து ஏதென்ஸ் எஞ்சியோர் மீள இசைந்தது.

வீடுகளும் மனிதர்களும்

குன்றிலிருந்து இறங்கும் வழியில் அயல்நாட்டுத் தெய்வங்களின் கோயில்கள் வரிசையாக உள்ளன. எகிப்தின் ஐசிசுக்கும் சராபிசுக்கும் ஒருபுறம். சிரியாவின் அத்தார்காட்டிசுக்கு மற்றொருபுறம். தீவின் கீழ்க்கரையோரம் யூதரின் தொழுகைக்கூடம் ஒன்றின் சுவர்கள் நிற்கின்றன. தென் அரேபியாவின் மினையர் தம் கடவுளாகிய வத்துக்கு எடுத்த பலிபீடமும், மினைய மொழியிலும் கிரேக்கத்திலும் பொறித்த எழுத்தோடு இத்தீவில் கிடைத்துள்ளது. பெய்ரூட் நகர வணிகர் தமக்கெனச் சங்கமும் கட்டடமும் வைத்திருந்தனர்.

இக்கூட்டம் வந்து சேர்ந்தது கி.மு. 166க்குப் பின்னர். அவ்வாண்டில் ரோம் டெலோசை மீண்டும் ஏதென்சிடம் ஒப்படைத்து, சுங்கமில்லாத் துறைமுகம் என அறிவித்தது. ரோட்ஸ் தீவின் வணிகத்தை ஒடுக்குவதே அதன் உட்கருத்து. ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் தன்னாட்சியோடு வாழ்ந்த டெலோஸ் மக்கள் இரண்டாம் முறையாக வெளியேற்றப்பட்டு அக்கேயாவுக்குச் சென்றனர். இம்முறை அவர்கள் மீளவில்லை. தன் மக்கள் இல்லாத தீவு உலகச் சந்தையாயிற்று.

அச்சந்தையின் செல்வம் அரங்கத்தைச் சுற்றியுள்ள வீடுகளில் விளங்குகிறது. டால்பின் இல்லத்தின் தரையோவியத்தில் பினீசியாவின் அராடோஸ் ஊரினனாகிய அஸ்கிலெப்பியாடிஸ் தன் பெயரைப் பொறித்துள்ளான். முகமூடி இல்லத்தில் சிறுத்தைமேல் வீற்றிருக்கும் டயோனிசசின் உருவம், சிறுசிறு வண்ணக் கற்களால் ஆனதெனினும் தூரிகை ஓவியம் போலவே தோன்றுகிறது. மற்றொரு வீட்டில் தலையிழந்த இரு சிலைகள். கிளியோபாத்ரா என்னும் ஏதென்ஸ் பெண்மணி, அப்பல்லோ கோயிலுக்கு வெள்ளி முக்காலிகள் இரண்டை வழங்கிய தன் கணவர் தியோஸ்கூரிடிசின் சிறப்பைக் குறித்துக் கி.மு. 138-137இல் நிறுவியவை. எகிப்தின் அரசிக்கும் இவளுக்கும் பெயரொற்றுமை தவிர வேறு தொடர்பில்லை. 5,500 பேர் அமரத்தக்க அரங்கில் விழும் மழைநீரை வீணாக்காமல், வளைவுகள் தாங்கிய பெருந்தொட்டியில் சேர்த்து வைத்துள்ளனர். வறண்ட தீவில் நாடகமும் நீரும் ஓரிடத்திலேயே பேணப்பட்டன.

ஆயினும் சந்தையில் விலைபோனவை எண்ணெயும் மதுவும் மணப்பொருளும் மட்டுமல்ல. ஒரே நாளில் பத்தாயிரம் அடிமைகளை இறக்கி ஏற்றியனுப்ப வல்லது டெலோஸ் என்கிறார் நிலநூலாசிரியர் ஸ்ட்ராபோ. வணிகனே, கரையடைந்து சரக்கை இறக்கு, எல்லாம் விற்றாயிற்று என்ற கருத்தில் ஒரு பழமொழியே அதனால் எழுந்ததாம். கி.மு. 146இல் கார்த்தேஜும் கொரிந்தும் அழிக்கப்பட்ட பின் செல்வம் பெருகிய ரோமர்க்கு அடிமைகள் மிகுதியாகத் தேவைப்பட்டனர். கடற்கொள்ளையர் அவர்களைப் பிடித்துத் தந்தனர் என்று அவர் காரணமும் கூறுகிறார். ஏரிக்கருகே உள்ள இத்தாலியர் சதுக்கம், தீவின் கட்டடங்களுள் மிகப் பெரியது. அதுவே அடிமைச் சந்தை என்று ஆய்வாளர் சிலர் கருதுவர். வேறு சிலர் மறுப்பர். இடம் எதுவாயினும் விற்பனை நிகழ்ந்தது உறுதி. பிறப்பும் இறப்பும் மாசு என்று விலக்கிய மண், மனிதரை விலைக்கு விற்பதை மாசெனக் கொள்ளவில்லை. தூய்மை என்ற சொல்லை எவர் ஆளுகிறார், எவர்மீது ஆளுகிறார் என்று கேட்டறிய வேண்டிய தேவையை உணர்த்த இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு வரலாற்றில் அரிது.

அச்சந்தைக் காலத்திலும் இறந்தோர் ரெனியாவிலேயே அடக்கம் செய்யப்பட்டனர். அங்குக் கிடைத்த கல்லறைப் பலகைகளில் கைப்பற்றி விடைபெறும் உருவங்கள் மிகுதி. கொலையுண்ட எரக்லேயா, மார்த்தினா என்னும் இரு பெண்களின் கற்களும் அவற்றுள் உண்டு. உயர்த்திய இரு கைகள் செதுக்கப்பட்டு, குற்றமற்ற குருதியைச் சிந்தியோரைப் பழிவாங்குமாறு உன்னதக் கடவுளிடம் அவை முறையிடுகின்றன. யூத சமய மரபைச் சார்ந்த வேண்டுதல் அது. டெலோசில் தம் பெயரோடு சிலை நாட்டிக்கொள்ள இயலாதோரின் குரல் கால்வாய்க்கு அப்பால் கல்லில் எஞ்சியது.

அழிவும் அகழ்வும்

ரோமின் நிழலில் வளர்ந்த செல்வம் ரோமின் பகைவரால் அழிந்தது. கி.மு. 88இல் போந்துஸ் அரசன் மித்திரிடேட்டசின் படை, மதில் இல்லாத டெலோசில் இறங்கிற்று. டெலோசிலும் வேறு இடங்களிலும் இருபதாயிரம் பேர், பெரும்பாலும் இத்தாலியர், கொல்லப்பட்டதாக அப்பியன் எழுதுகிறார். பெண்களும் குழந்தைகளும் அடிமைகளாக விற்கப்பட்டனர் என்கிறார் பௌசானியஸ் என்னும் பயண நூலாசிரியர். சந்தையில் விற்றோரின் குடும்பங்கள் சந்தைப் பொருளாயின. கி.மு. 69இல் கடற்கொள்ளையன் அத்தினோடோரஸ் மீண்டும் சூறையாடினான். அதன்பின் ரோமத் தளபதி திரியாரியஸ் அவசரமாக ஒரு மதில் எழுப்பினார். காப்பதற்கு அதிகம் எஞ்சவில்லை. வணிக வழிகளும் மாறிவிட்டன. கி.பி. 2ஆம் நூற்றாண்டில், ஏதென்ஸ் அனுப்பும் காவலரை நீக்கினால் டெலோசில் டெலோசினர் என ஒருவரும் இரார் என்று அதே பௌசானியஸ் குறித்தார். இறத்தலை விலக்கிய தீவு இவ்வாறு இறந்தது. பின்வந்த நூற்றாண்டுகளில் அதன் சலவைக்கற்கள் கட்டடங்களுக்காகப் பெயர்க்கப்பட்டன, சுண்ணாம்புக்காக எரிக்கப்பட்டன.

1873இல் ஏதென்சிலுள்ள பிரெஞ்சு ஆய்வுப் பள்ளி அகழ்வைத் தொடங்கியது. மொரிஸ் ஒல்லோ தலைமையில் 1904 முதல் நடந்த பெரும் அகழ்வில் நகரின் பெரும்பகுதி வெளிப்பட்டது. 1990இல் யுனெஸ்கோ டெலோசை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. அகழ்ந்து எடுத்ததைக் காக்கும் பணி இன்று கடினமாகிவிட்டது. பண்டைத் துறைமுகக் கடைகளின் அடித்தளங்கள் கடல்நீரில் கிடக்கின்றன. கடல்மட்டம் மேலும் உயர்வதால் கரையோரச் சுவர்களின் அடியை நீர் அரிக்கிறது. கடவுள் தன்னைக் கடலுள் அமிழ்த்துவானோ என்று பாடலில் தீவு கொண்ட அச்சம், கடவுளால் அன்றி மனிதர் செயலால் மெய்யாகும் நிலை தோன்றியுள்ளது.

கடைசிப் படகு

மாலையில் காவலர் ஒலியெழுப்பி எல்லோரையும் துறைக்கு அழைப்பர். உலகின் பல மொழிகளைப் பேசுவோர் திருவீதியின் வழியே இறங்கி வருவர். பழைய விழாக் கூட்டத்தைப் போலவே இவர்களும் ஒருநாள் விருந்தினர். இவர்களுள்ளும் எவரும் இங்கே தங்கலாகாது. படகு திரும்பும்போது ஒருபுறம் டெலோசும் மறுபுறம் ரெனியாவும் தெரியும். டெலோஸ் பக்கம் நின்று படம் எடுப்போரே மிகுதி.

கோயில், கருவூலம், சந்தை என மூன்று பெருமைகளை அடுத்தடுத்துத் தாங்கிய தீவு டெலோஸ். மூன்றிலும் அதன் சொந்த மக்களுக்குக் கிடைத்த பங்கு மிகச் சிறிது. அவர்கள் வெளியேற்றப்பட்ட செய்தியைத் துசிடிடீஸ் சில வரிகளில் சொல்லிச் செல்கிறார். அப்பெயரறியா மக்களின் மகளிர் ஆடிய ஆடலையோ, கேட்டவரெல்லாம் தம் ஊர்ப்பேச்சே என மயங்கும்படி அவர்கள் பாடிய பாடலையோ பதிவு செய்தவன் கியோசின் பார்வையற்ற புலவன். தன்னை நினைவில் வைக்குமாறு அவன் அம்மகளிரை வேண்டினான். இன்றோ, அம்மகளிரை நாம் நினைப்பதற்கு அவன் பாடலே காரணமாயிற்று. ஆணைகள் துடைத்தெறிந்த மக்களில் ஒரு சிலரேனும் எஞ்சி நிற்பது அங்கேதான்.